டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எக்கோ பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுநாளாக ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கோப்பைத் திறந்தால் நான்கைந்து எக்கோ அறிக்கைகளாவது இருக்கும். ஒன்றில் இதயத்தின் பம்பிங் 60 சதவீதம் என்றிருக்கும், ஆறு மாதம் கழித்து எடுத்ததில் 48, அதற்கடுத்ததில் 55. வீட்டார் முதல் தாளைப் பார்த்து நிம்மதியடைந்து, இரண்டாவதைப் பார்த்துக் கலங்கி, மூன்றாவது வந்ததும் எதைத்தான் நம்புவது என்று கேட்கிறார்கள். எக்கோ அறை வாசலிலும் டயாலிசிஸ் யூனிட்டிலும் திரும்பத் திரும்ப எழும் இத்தகைய கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. மருந்தையோ டிரை வெயிட்டையோ (தேங்கிய நீரை எடுத்த பின் இருக்க வேண்டிய எடை) மாற்றும் முடிவு உங்களைப் பார்க்கும் மருத்துவருடையதுதான்.

பழுதானது சிறுநீரகம். இதயத்தை ஏன் சோதிக்கிறார்கள்?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பது இதய, இரத்தக்குழாய் நோய்களே. அதைவிட முக்கியமானது, இதயம் மாறத் தொடங்குவது டயாலிசிஸுக்கு வெகு முன்பே என்பதுதான். கனடாவில் சிறுநீரகச் செயலிழப்புக்குச் சிகிச்சை தொடங்கிய 433 பேரைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்திருந்தது தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இரத்த அழுத்தம், உடலில் தேங்கும் உப்பும் நீரும், இரத்தசோகை, பாஸ்பரஸ் மிகுவதால் விறைத்துப்போகும் இரத்தக்குழாய்கள், அவற்றோடு டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா என ஒவ்வொன்றும் இதயத்துக்குக் கூடுதல் வேலையைக் கொடுக்கின்றன. வேலை கூடினால் தசை தடிக்கும். தடித்த தசை நாளடைவில் தளரும். இந்தப் பாதையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை வலியில்லாமல் காட்டக்கூடியது எக்கோ.

ஊசி, சாயம், கதிர்வீச்சு ஏதாவது உண்டா?

வழக்கமான எக்கோவில் எதுவும் இல்லை. ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பரிசோதனை இது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதும் இல்லை. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டுதான் முதன்முதலில் இதயத்தின் அசைவைப் பதிவுசெய்தார்கள். மீதமிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நோயாளிகளுக்கு, சாயமே தேவைப்படாத பரிசோதனை என்பது சிறிய வசதி அல்ல.

எந்த நாளில் எக்கோ எடுக்க வேண்டும்? டயாலிசிஸுக்கு முன்பா, பின்பா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். டயாலிசிஸ் முடிந்த மறுநாள், அதாவது இரண்டு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட நாளில், டிரை வெயிட்டுக்கு அருகில் இருக்கும்போது எடுப்பதே நல்லது. முன்பு எடுத்தால் தேங்கிய நீரில் இதயம் உப்பியிருக்கும். முடிந்த உடனே எடுத்தால் நான்கு மணி நேரத்தில் நீர் இழுக்கப்பட்ட களைப்பும், பொட்டாசியம், கால்சியம் அளவுகளில் ஏற்பட்ட திடீர் மாற்றமும் கலந்து தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். இடது கீழறைத் தசையின் எடையை எக்கோ நேரடியாக நிறுப்பதில்லை. நடுச்சுவரின் தடிமன், அறையின் குறுக்களவு, பின்சுவரின் தடிமன் ஆகிய மூன்றையும் கூட்டி மும்மடியாக்கி, அதிலிருந்து அறையின் மும்மடியைக் கழித்து, சில மாறிலிகளால் பெருக்கிக் கணக்கிடுகிறது. சுவர்கள் இரண்டும் 1.3 செ.மீ., அறை 5.0 செ.மீ. என்றால் தசையின் எடை சுமார் 262 கிராம் வரும். அதே நபருக்கு நீர் எடுத்த பின் அறை 4.7 செ.மீ. ஆகச் சுருங்கி, சுவர்கள் அப்படியே இருந்தால் கணக்கு 238 கிராம் என்கிறது. நான்கு மணி நேரத்தில் எந்த இதயமும் 24 கிராம் தசையை இழப்பதில்லை. போனது நீர், அறை சுருங்கியது மூன்று மில்லிமீட்டர், மும்மடியாக்கும்போது அது இவ்வளவு பெரிதாகிவிடுகிறது. இப்படி இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுத்த அறிக்கைகளை அருகருகே வைத்து "இதய வீக்கம் குறைந்துவிட்டது" என்று மகிழ்வதற்கும், தலைகீழாகக் கண்டு அஞ்சுவதற்கும் பொருளே இல்லை.

இந்தியாவில் வாரம் இருமுறை மட்டுமே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலர் இருக்கிறார்கள். திங்களும் வியாழனும் செய்பவருக்கு வியாழனுக்கும் அடுத்த திங்களுக்கும் இடையே நான்கு நாள் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியின் இறுதியில், ஞாயிறு மாலையில் மூச்சுத் திணறலோடு வந்து எடுக்கப்படும் அவசர எக்கோ, அன்றைய ஆபத்தைக் காட்டுவதற்குப் பயன்படுமே தவிர இதயத்தின் இயல்பான நிலைக்குச் சான்றாகாது.

எனவே எக்கோவுக்குப் போகும்போது ஒரு துண்டுத் தாளில் கடைசி டயாலிசிஸ் நடந்த நாள், உங்கள் டிரை வெயிட், அன்று காலை பார்த்த எடை ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அதை அறிக்கையிலேயே குறிக்கச் சொல்லுங்கள். பெயர், வயதெல்லாம் அச்சாகும் இடத்தில் இந்த ஒரு வரிக்கும் இடமிருக்கும். பெரும்பாலான அறிக்கைகளில் அது இல்லாமல்போவது பழக்கக் குறையே தவிர வேறில்லை.

"கான்சென்ட்ரிக் எல்.வி.எச்." என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

இடது கீழறைச் சுவர்கள் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருக்கின்றன, அறை பெரிதாக விரியவில்லை என்று பொருள். பின்சுவரின் தடிமனை இரண்டால் பெருக்கி அறையின் குறுக்களவால் வகுத்தால் 0.42-க்கு மேல் வருவது இந்த வகை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 0.52. உயர் இரத்த அழுத்தத்தின் முத்திரை இது. இன்னொரு வகையில் அறை விரிந்தும் தசை கூடியும் இருக்கும். நீர்த்தேக்கம், இரத்தசோகை, மிகைப்பாய்ச்சலுள்ள ஃபிஸ்டுலா ஆகியவை அதற்குக் காரணமாகின்றன. டயாலிசிஸ் நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே வருவதுண்டு.

தசையின் எடையை உடற்பரப்பால் வகுத்து ஆண்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 115 கிராமுக்கு மேலும், பெண்களுக்கு 95 கிராமுக்கு மேலும் இருந்தால் தடிப்பு என்பது வழக்கம். இங்கும் ஒரு சிக்கல் உண்டு: உடற்பரப்பு எடையைப் பொறுத்தது, டயாலிசிஸ் நோயாளியின் எடையோ நாளுக்கு நாள் ஏறி இறங்குவது, மெலிந்தவர்களும் நிறையப் பேர். அதனால் உயரத்தால் வகுக்கும் முறையே இவர்களுக்குப் பொருத்தம் என்று சிறுநீரக மருத்துவர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். உயரம் இரண்டு நாளில் மாறுவதில்லை என்பதால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தடித்த தசை மீண்டும் மெலியுமா?

ஓரளவுக்கு மெலியும். உப்பைக் குறைப்பது, டிரை வெயிட்டைச் சரியாக எட்டுவது, இரத்த அழுத்தத்தையும் இரத்தசோகையையும் கட்டுக்குள் வைப்பது ஆகியவை உதவுகின்றன. வட அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், வாரம் மூன்று முறைக்குப் பதில் ஆறு முறை டயாலிசிஸ் செய்தவர்களுக்குத் தசையின் எடை குறைந்தது. வாரம் ஆறு நாள் நம்மில் எத்தனை பேருக்கு இயலும் என்பது வேறு பேச்சு.

பம்பிங் 60 சதவீதம் என்கிறார்கள். பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

"பம்பிங்" என்று நாம் சொல்வது எஜெக்ஷன் ஃப்ராக்ஷன், சுருக்கமாக இ.எஃப். அறையில் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே அது. சுமார் 52 முதல் 74 வரை இயல்பு என்று கொள்ளலாம். ஆனால் இதயத்துக்குச் சுருங்குவது பாதி வேலைதான். தளர்ந்து, விரிந்து, அடுத்த இரத்தத்தை வாங்கிக்கொள்வது மறுபாதி. தடித்து விறைத்த இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் தாராளமாக விரியாது. அப்போது நிரம்பும் அழுத்தம் கூடி நுரையீரலுக்குப் பின்னோக்கித் தள்ளுகிறது. பாத்திரம் சின்னதாகவும் விறைப்பாகவும் இருந்தால் ஒரு டம்ளர் கூடினாலும் வழியத்தானே செய்யும்? டயாலிசிஸுக்கு முன்பு இரண்டு கிலோ ஏறினால் திணறுவதும், அதையே வேகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் சடசடவென்று விழுவதும் இத்தகைய இதயத்துக்கு உரிய குணங்கள்.

இதைத்தான் அறிக்கை "டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்கிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு வழியே இரத்தம் பாயும் ஈ அலையின் வேகம், தசை விரியும்போது தெரியும் ஈ-பிரைம் வேகம், அவ்விரண்டின் விகிதம், இடது மேலறையின் கொள்ளளவு ஆகியவற்றைச் சேர்த்து இதைக் கணிக்கிறார்கள். விகிதம் 14-க்கு மேல் போவதும் மேலறை ஒரு சதுர மீட்டருக்கு 34 மி.லி.-க்கு மேல் பெருத்திருப்பதும் நிரம்பும் அழுத்தம் கூடியிருப்பதன் அறிகுறிகள். ஆனால் ஈ அலை தேங்கிய நீரோடு ஏறி, நீர் போனதும் இறங்குவது. டயாலிசிஸுக்கு முன்பு மூன்றாம் கிரேடாக (கடுமையாக) இருந்தது பின்பு முதல் கிரேடாக (லேசாக) தெரிவதில் வியப்பில்லை. மேலறையின் அளவு மாதக்கணக்கில் பட்ட அழுத்தத்தின் தழும்பு போன்றது, அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே என் கண் முதலில் அதன்மேல்தான் போகும்.

போன முறை 60, இந்த முறை 48. இதயம் பலவீனமாகிவிட்டதா?

முதலில், யார் எடுத்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். கண்ணளவில் மதிப்பிட்டுச் சொல்லும் இ.எஃப்., ஆளுக்கு ஆள் ஐந்து முதல் பத்துப் புள்ளிவரை மாறக்கூடும். இரண்டு கோணங்களில் அறையின் ஓரத்தை வரைந்து கணக்கிடும் சிம்சன் முறையில் அளந்திருந்தால் நம்பகம் கூடும். இதே அறையில், இதே முறையில், அதே போன்ற நாளில் எடுத்தும் பத்துப் புள்ளிக்கு மேல் குறைந்திருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. இதய இரத்தக்குழாய் அடைப்பு, நீண்ட நாள் நீர்த்தேக்கம், கட்டுக்கடங்காத படபடப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு அடைப்பு நெஞ்சுவலி இல்லாமலேயே வரக்கூடும் என்பதால், சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் நிற்கிறதா என்ற குறிப்பு எண்ணைவிட முக்கியமானது.

டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் பாதிக்கப்படுமா?

படலாம். டயாலிசிஸின் நடுவே எக்கோ எடுத்துப் பார்த்த இங்கிலாந்து ஆய்வாளர்கள், பல நோயாளிகளுக்கு இதயச் சுவரின் சில பகுதிகள் தற்காலிகமாகச் செயலிழந்து நிற்பதைக் கண்டார்கள். 2009-இல் வெளியான அவர்களது ஆய்வில் எழுபது பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது இருந்தது. இதய மரத்துப்போதல் என்று இதைச் சொல்லலாம். பெரிய குழாய்களில் அடைப்பு இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. நீரை மிக வேகமாக இழுப்பதும் இரத்த அழுத்தம் விழுவதும் இதைத் தூண்டுகின்றன. மீண்டும் மீண்டும் மரத்துப்போகும் பகுதி ஒரு கட்டத்தில் நிரந்தரமாகத் தளர்ந்துவிடக்கூடும்.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மி.லி.-க்கு மேல் நீர் எடுப்பது ஆபத்தோடு தொடர்புடையது என்று அமெரிக்கத் தரவுகளிலிருந்து 2011-இல் காட்டினார்கள். 60 கிலோ உள்ளவருக்கு அந்த வரம்பு மணிக்கு 780 மி.லி., நான்கு மணி நேரத்துக்கு மூன்று லிட்டருக்குச் சற்று அதிகம். ஐந்து கிலோ ஏறி வந்து, "நான்கு மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், பஸ்ஸுக்குப் போக வேண்டும்" என்று டெக்னீஷியனிடம் கெஞ்சுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். டயாலிசேட் எனப்படும் டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தால் மரத்துப்போதல் குறைவதாகச் சிறு ஆய்வுகள் கூறின. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 84 மையங்களில் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில் உயிரிழப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை, குளிர்கிறது என்று சொன்னவர்கள்தான் கூடினார்கள்.

ஃபிஸ்டுலா இதயத்தைக் கெடுக்குமா?

பெரும்பாலானவர்களுக்குக் கெடுக்காது, டயாலிசிஸுக்காகப் பெரிய சிரையில் செருகும் குழாயான கத்தீட்டரால் வரும் கிருமித்தொற்றோடு ஒப்பிட்டால் ஃபிஸ்டுலா பெரும் நன்மை. ஆயினும் தமனியிலிருந்து நேராகச் சிரைக்குப் பாயும் இரத்தம் இதயத்துக்குக் கூடுதல் சுமைதான். முழங்கைக்கு மேலே போடப்பட்டு ஆண்டுக்கணக்கில் பருத்துப்போன ஃபிஸ்டுலாவில் பாய்ச்சல் நிமிடத்துக்கு இரண்டு லிட்டரையும் தாண்டுவதுண்டு. எக்கோவில், இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் பாதையின் குறுக்களவு 2.0 செ.மீ., அங்கே ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கடக்கும் தூரம் 25 செ.மீ., துடிப்பு 90 என்றால் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் வெளியேறுகிறது. அதில் இரண்டு லிட்டருக்கு மேல் ஃபிஸ்டுலாவுக்கே போகிறது என்று இரத்தப் பாய்ச்சலை அளக்கக் கையில் எடுத்த டாப்ளர் பரிசோதனை சொன்னால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உறுப்புகளைத் தொடாமலே திரும்பி வருகிறது. மூச்சுத் திணறலும் விரிந்த இதயமும் சேர்ந்திருந்தால், ஃபிஸ்டுலாவைக் குறுக்கும் அறுவை பற்றி இரத்தநாள அறுவை மருத்துவரிடம் பேச வேண்டிய கட்டம் இது. மருத்துவர் ஃபிஸ்டுலாவைச் சில நொடி அழுத்திப் பிடித்து நாடியைப் பார்ப்பார். நாடி குறைந்தால் பாய்ச்சல் மிகுதி என்ற ஐயம் வலுக்கும். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அழுத்தி வைத்தால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும்.

எக்கோவைக் கொண்டு டிரை வெயிட்டை முடிவுசெய்யலாமா?

எக்கோ ஒரு சாட்சி, நீதிபதி அல்ல. கல்லீரலை ஒட்டி வரும் பெரிய சிரை 2.1 செ.மீ.-க்கு மேல் பருத்து, மூச்சை உள்ளிழுக்கும்போதும் பாதியளவுகூடச் சுருங்காவிட்டால் நீர் மிகுந்திருக்கிறது எனலாம். ஆனால் வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ட்ரைகஸ்பிட் வால்வு கசிபவர்களுக்கு நீர் இல்லாமலேயே அது பருத்திருக்கும். நெஞ்சின் மேல் கருவியை வைத்து நுரையீரலில் தெரியும் வால்நட்சத்திரம் போன்ற கோடுகளை எண்ணும் முறையும் இப்போது பரவிவருகிறது. அதைக் கொண்டு நீரைக் குறைத்த லஸ்ட் என்ற ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது: நுரையீரல் நீர் குறைந்தது, ஆனால் உயிரிழப்பும் இதய நிகழ்வுகளும் சேர்ந்த முதன்மை இலக்கில் தெளிவான வேறுபாடு இல்லை. கணுக்கால் வீக்கம், இரத்த அழுத்தம், படுத்தால் மூச்சு முட்டுவது, டயாலிசிஸின் கடைசி மணியில் கால் இழுப்பது ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்தே எடையை முடிவுசெய்ய வேண்டும்.

நுரையீரல் இரத்த அழுத்தம் அதிகம் என்று எழுதியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எக்கோ எந்த நாளில் எடுத்தது என்று கேட்டுவிட்டுப் பயப்படலாம். ட்ரைகஸ்பிட் வால்வில் கசியும் இரத்தத்தின் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால், அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்க 36. வலது மேலறை அழுத்தம் 15 என்று கூட்டினால் 51 மி.மீ. நீர் போன மறுநாள் வேகம் 2.6 ஆகவும் மேலறை அழுத்தம் 3 ஆகவும் குறைந்தால் அதே நபருக்கு 30 தான் வரும். டிரை வெயிட்டிலும் குறையாவிட்டால்தான் இடது இதயம், ஃபிஸ்டுலா, நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டும்.

வால்வில் கால்சியம் படிந்திருக்கிறதாம். கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. பாஸ்பரஸ், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பாஸ்பரஸைக் கட்டும் மருந்தின் வகையை அவர் மாற்றக்கூடும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலான அயோர்டிக் வால்வும் மைட்ரல் வால்வின் வளையமும் மற்றவர்களைவிட இளவயதிலேயே சுண்ணாம்பேறுகின்றன. அயோர்டிக் வால்வு குறுகுவதும் விரைவாக நடக்கிறது. எனவே லேசான குறுக்கம் என்று வந்தாலும் அடுத்த எக்கோவைத் தள்ளிப்போட வேண்டாம். மைட்ரல் வால்வின் கசிவு வேறு கதை: உப்பிய இதயத்தில் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் கசிவது, நீர் குறைந்ததும் பாதியாகிவிடுவதுண்டு. ஆகவே இத்தகைய கசிவுக்கு, நீர் நிறைந்த நாளில் எடுத்த ஒற்றை எக்கோவை வைத்து வால்வு அறுவையை முடிவுசெய்யக் கூடாது.

இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறது என்கிறார்கள்.

சிறிதளவு இருந்தால் கண்காணித்தால் போதும். யூரியா மிகுவதாலும், டயாலிசிஸ் போதாமல்போவதாலும் இதய உறை அழன்று நீர் கோக்கும். காசநோய் பரவலாக உள்ள நம் ஊரில் அதையும் நினைவில் வைத்துத் தேட வேண்டும். டயாலிசிஸைத் தீவிரப்படுத்துவது முதல் சிகிச்சை, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து இல்லாமல் அதைச் செய்வது வழக்கம். வலது அறைகள் அழுந்துவதாக எக்கோ காட்டினால் அது அவசரநிலை.

கத்தீட்டர் இருக்கிறது, காய்ச்சல் வருகிறது. எக்கோ எதற்கு?

இரத்தத்தில் கலந்த கிருமி வால்வில் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க. முதலில் இரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வளர்ந்தால், நெஞ்சின் மேலிருந்து எடுக்கும் எக்கோ தெளிவாக இருந்தாலும், உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ தேவைப்படலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?

2005-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், டயாலிசிஸ் தொடங்கி டிரை வெயிட்டை எட்டிய பின், ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்றும், பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் என்கிறது. புதிதாக மூச்சுத் திணறல், டயாலிசிஸின்போது அடிக்கடி இரத்த அழுத்தம் விழுவது, மயக்கம், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவது போன்றவை நேர்ந்தால் தவணையைப் பார்க்காமல் எடுக்க வேண்டும். இ.எஃப். குறைந்தவர்களுக்கும் வால்வு குறுகியவர்களுக்கும் இடைவெளி இன்னும் சுருங்கும்.

பம்பிங் குறைவு என்பதால் சிறுநீரக மாற்று கிடையாது என்றார்கள். அப்படியா?

எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. இ.எஃப். 40 அல்லது அதற்கும் கீழே இருந்த 103 பேருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய அமெரிக்க மருத்துவர்கள் 2005-இல் எழுதியபடி, சராசரி இ.எஃப். சுமார் 32-லிருந்து ஓராண்டில் 52-க்கு உயர்ந்தது. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரத்தக்குழாய் அடைப்பால் செத்துப்போன தசை சிறுநீரகம் வந்தாலும் உயிர்க்காது. அடைப்பு இருக்கிறதா என்று முடிவாகத் தெரிந்துகொண்டு, டிரை வெயிட்டில் மறுபடி ஒரு எக்கோ எடுத்து, இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

வீட்டில் வயிற்று டயாலிசிஸ் செய்கிறேன். எனக்கும் இதே விதிகளா?

நீர் நாள்தோறும் வெளியேறுவதால் உங்களுக்கு நாள் பார்க்க வேண்டிய கட்டாயம் குறைவு. வயிற்றில் இரண்டு லிட்டர் திரவம் இருக்கும்போது உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு இதயம் சாய்ந்து தெரியும், படமும் தெளிவாக வராது. ஆகவே முடிந்தால் காலைப் பையை வடித்துவிட்டு, அடுத்த பையை ஏற்றுவதற்கு முன்பாக எக்கோ அறைக்கு வந்து சேருங்கள்.